கொரங்காட்டில் எந்த எலி எங்கே குடியிருக்கிறது? புல்வெளிச் சிறு பாலூட்டிகளின் இருப்பிடம் அறிய முழுமையான வழிகாட்டி

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில் இரண்டு பக்கமும் முள்கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடுகள் வரும். வெளியூர்க்காரர் கண்ணுக்கு அது வெறும் காய்ந்த புல். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம், அதன் நிழலில் நாலு மாடு, அவ்வளவுதான். கொங்கு நாட்டில் இதற்குக் கொரங்காடு என்று பெயர். காங்கேயம் மாட்டைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் இந்தக் காட்டையும் சேர்த்தே பேசுவார்கள். ஆனால் மாடு கட்டுத்தறிக்குத் திரும்பி இருட்டு விழுந்த பிறகு, அதே காட்டில் நடமாடும் கூட்டத்தைப் பற்றிப் பேச்சே இருக்காது. வெள்ளெலி, சுண்டெலி, புதரெலி, மூஞ்சூறு, முள்ளெலி, முயல் எல்லாம் சேர்ந்த அந்தக் கூட்டத்துக்காகத்தான் இந்த வழிகாட்டி.

'எலி புல்வெளியில் வாழும்' என்று சொல்வது 'மனிதன் ஊரில் வாழ்வான்' என்று சொல்வதைப் போல. எந்த ஊர், எந்தத் தெரு, எந்த வீடு என்று கேட்டால்தான் பேச்சு தொடங்கும். ஐந்து ஏக்கர் கொரங்காட்டுக்குள்ளேயே வேலியடி ஒரு உலகம், மேய்ந்து கட்டையான புல் இன்னொரு உலகம், கல் பொறுக்கிக் குவித்த மூலை மூன்றாவது உலகம். பத்து எட்டு வைத்தால் குடியிருப்பவர் மாறிவிடுவார். இந்தப் பத்து எட்டு வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்து, கையால் அளந்து, நோட்டில் எழுத ஒரு கல்லூரி மாணவருக்கோ, நிலத்துக்காரருக்கோ, ஆர்வமுள்ள பள்ளி ஆசிரியருக்கோ பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு வருட நேரமும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

1. காட்டைத் தேர்ந்து, ஆளைக் கேட்டு, அப்புறம் உள்ளே போங்கள்

கொரங்காடு பட்டா நிலம். படலைத் திறந்து யார் வேண்டுமானாலும் நுழையும் இடமல்ல. நிலத்துக்காரரிடம் நேரில் போய், என்ன செய்யப் போகிறோம், எந்த நேரத்தில் வருவோம், எதையும் பிடிக்கவோ தோண்டவோ மாட்டோம் என்று சொல்லிவிடுங்கள். பேச்சோடு பேச்சாக நாலு கேள்வியும் கேட்டு வையுங்கள். கடைசியாக இந்தக் காட்டை எப்போது உழுதார்கள்? கொள்ளோ சோளமோ விதைத்தார்களா? எந்த மாதம் மாடு விடுகிறார்கள், எந்த மாதம் காட்டை மூடி வைக்கிறார்கள்? சீமைக்கருவேலம் எந்தப் பக்கம் ஏறுகிறது?

இதில் உழவுக் கேள்விதான் முக்கியம். பல காடுகளைச் சில வருடத்துக்கு ஒருமுறை உழுது விதைத்து, மறுபடி புல்லுக்கு விட்டுவிடுவார்கள். போன வருடம் உழுத காடும் நாலு வருடமாகக் கலப்பை படாத காடும் வளைகளின் கணக்கில் ஒன்றல்ல. இது தெரியாமல் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் முடிவு முழுக்கத் தப்பாகிவிடும்.

ஆடு மேய்ப்பவரிடமும் பேசுங்கள். நாள் முழுக்கத் தரையைப் பார்த்து நடப்பவர் அவர். முயல் எந்தப் புதரில் படுக்கும், எந்த மேட்டில் வெள்ளெலி வளை கிடக்கும் என்பதெல்லாம் நமக்கு மூன்று மாதத்தில் தெரிவது அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

2. காட்டைத் துண்டு துண்டாக வரையுங்கள்

ஒரு தாளில் காட்டின் வரைபடம் போடுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. எட்டு வைத்து அளந்தாலே போதும். வழக்கமான ஒரு கொரங்காட்டில் இந்தத் துண்டுகள் கிடைக்கும்: முள்கிளுவை வேலியும் அதன் அடியில் இரண்டு மூன்று அடி அகலத் தரையும், மாடு தொடாத உயரப் புல், மேய்ந்து கட்டையான புல், வெள்வேல மரத்தடி, கல்குவியலும் பாறைத் திட்டும், ஓடையோ பள்ளமோ இருந்தால் அதன் கரை.

வேலியைத் தனித் துண்டாக எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முள்கிளுவை உயிர்வேலி. அதில் கோவைக்கொடி ஏறும், பிரண்டை படரும், வேலிப்பருத்தி சுற்றும். அடியில் சருகு மக்கிக் கிடக்கும். மாட்டு வாயும் மனிதக் காலும் படாத இடம் அது. கோடையில் காடு மொட்டையாகும்போது மறைப்பு மிச்சமிருப்பது அங்கே மட்டும்தான். கம்பி வேலிக்கு மாறிய காட்டில் இந்தத் துண்டே இருக்காது. அக்கம்பக்கத்தில் அப்படி ஒரு காடு இருந்தால் அதையும் ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு துண்டும் மொத்தப் பரப்பில் எத்தனை பங்கு என்று குத்துமதிப்பாகக் குறியுங்கள். பின்னால் கணக்குப் போடும்போது இந்த எண் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

3. புல்லையும் மண்ணையும் அளங்கள்

சிறு பாலூட்டிக்கு வீடு பிடிக்க மூன்று விஷயம் வேண்டும்: தோண்ட மண், ஒளிய மறைப்பு, பக்கத்தில் தீனி. நாம் அளக்கப் போவது முதல் இரண்டை.

ஒரு மீட்டர் உயரக் குச்சியில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு பட்டை சிவப்பும் வெள்ளையுமாக அடியுங்கள். அதைப் புல்லுக்குள் நட்டுவிட்டு நாலு மீட்டர் தள்ளி நின்று, கண்ணை ஒரு மீட்டர் உயரத்துக்கு இறக்கிப் பாருங்கள். கீழிருந்து எத்தனை பட்டை புல்லில் மறைந்திருக்கிறது? அதுதான் மறைப்பின் அளவு. நாலு திசையிலிருந்தும் பார்த்து சராசரி எடுங்கள். புல்லின் உயரத்தை மட்டும் அளப்பதைவிட இது நல்லது. முழங்கால் உயரத்துக்கு நிற்கும் புல்லும் நாலு தண்டுதான் என்றால் எலிக்கு அது மறைப்பே அல்ல.

மண்ணுக்கு ஒரு இரும்புக் கம்பி போதும். எப்போதும் ஒரே உயரத்திலிருந்து விட்டு, எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். பிறகு ஒரு கைப்பிடி மண்ணை நனைத்து உருட்டுங்கள். உருண்டையே பிடிக்கவில்லை என்றால் மணற்பாங்கு. பாம்பு போல நீளமாகத் திரிக்க வந்தால் களிமண். செம்மண்ணா, சரளையா, சுக்கான்கல் ஓடிய தரையா, கரிசலா என்றும் எழுதிக்கொள்ளுங்கள். காங்கேயம் பக்கம் ஒரே காட்டில் மேட்டில் சரளையும் பள்ளத்தில் கரிசலும் கிடப்பது சாதாரணம்.

4. யாரைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். ஆளைத் தெரியாமல் வீட்டைத் தேடுவது வீண் வேலை.

*வெள்ளெலி.* கொரங்காட்டின் சொந்தக்காரர் என்றே இதைச் சொல்லலாம். மணல் நிற முதுகு, வெண்மையான வயிறு, நீண்ட பின்னங்கால், உடலைவிடச் சற்று நீளமான வால், வால் நுனியில் கருத்த முடிக்கொத்து. இரவில் டார்ச் வெளிச்சத்தில் சிக்கினால் குட்டிக் கங்காரு போலத் தாவி ஓடும். தண்ணீர் நிற்காத, பொலபொலப்பான, திறந்த தரைதான் இதற்கு வேண்டும். ஒரு குடியிருப்புக்குப் பல வாசல் இருக்கும். சிலவற்றை உள்ளிருந்து மண்ணால் லேசாக அடைத்து வைத்திருக்கும். ஆபத்து வந்தால் அந்த மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே பாயும். எலி பிடிப்பதில் தேர்ந்த இருளர்கள் முதலில் இந்தத் தப்பு வாசல்களைத்தான் தேடுவார்கள்.

*கல் அடுக்கும் சுண்டெலி.* முள் போன்ற விறைத்த முடி கொண்ட பழுப்புச் சுண்டெலி. சரளைத் தரைதான் இதன் ஊர். வளையின் வாயைச் சிறு கற்களால் அடைத்து வைக்கும், வெளியிலும் கற்களைச் சேர்த்து வைக்கும். 1839-ல் வால்டர் எலியட் என்ற ஸ்காட்லாந்துக்கார அதிகாரி இன்றைய கர்நாடகத்தின் தார்வாடு பக்கத்துப் பாலூட்டிகளைப் பட்டியலிட்டபோது, உள்ளே ஒரு அறையில் கூழாங்கல்லைப் பரப்பி அதன்மேல் உட்கார்ந்திருக்கும் என்றும் எழுதினார். முதல்முறை இந்த வளையைப் பார்ப்பவர்கள் ஏதோ குழந்தைகள் விளையாடிய இடம் என்றுதான் நினைப்பார்கள். குனிந்து பாருங்கள். கற்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, ஒவ்வொன்றும் அந்தச் சின்ன வாய் தூக்கக்கூடிய அளவு. இதைவிட அழகான ஒரு வாசலை நான் எந்தக் காட்டிலும் பார்த்ததில்லை.

*வயல் சுண்டெலி.* இன்னும் சிறியது. வரப்பிலும் வயலோரத்திலும் எளிய வளை, வாயில் கொஞ்சம் மண். கொரங்காட்டுக்குள் இது இருந்தால் பெரும்பாலும் பக்கத்து விளைநிலத்தை ஒட்டிய விளிம்பில்தான் இருக்கும்.

*புல்லெலி.* மெத்தென்ற முடி கொண்ட எலி. தோண்டுவதில் பெரிய கெட்டிக்காரர் அல்ல. புதர் வேர், கல்குவியல், மற்ற எலி விட்டுப் போன வளை, கரிசல் மண்ணின் வெடிப்பு என்று கிடைத்த இடத்தில் தங்கும். கோடையில் கரிசல் பிளந்து கிடக்கும்போது வெடிப்புக்குள் ஏராளமாக இருக்கும். முதல் மழையில் வெடிப்பு மூடும்போது ஏராளமாகச் சாகும். 1826-ல் பருவமழை தொடக்கத்தில் பொய்த்ததால் தார்வாடு வட்டாரத்தில் இவை பெருகிப் பெரும் தொல்லையானதையும் எலியட் பதிவு செய்திருக்கிறார். மழை எலியின் வீட்டுக்குள்ளேயே நுழைந்து கணக்கை மாற்றுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

*புதரெலி.* சொரசொரப்பான பழுப்புமஞ்சள் முடி, மழுங்கிய மூக்கு, வட்டக் காது, நிதானமான நடை. அடர்ந்த புல்லும் புதரும் கலந்த இடத்தை விட்டு நகராது. புதருக்குள் புல்லால் பந்து போலக் கூடு கட்டும். குறுக்களவு ஒரு சாண் வரும். புல்லுக்கடியில் ஒற்றையடிப்பாதை போட்டு வைத்திருக்கும். அந்தப் பாதை நெடுக நறுக்கிய புல் தண்டும் புழுக்கையும் கிடக்கும். அறுகம்புல் இதற்குப் பிடித்தமானது. இலங்கையில் 19-ம் நூற்றாண்டுக் காப்பித் தோட்டங்களில் செடியின் மொட்டையும் பூவையும் கடித்து நாசம் செய்ததால் காப்பி எலி என்று பெயர் வாங்கியதும் இதுவே.

*வரப்பெலி.* ஈரமான கெட்டி மண்ணில் வளை தோண்டி, வாயில் கூடை கூடையாக மண்ணைத் தள்ளி வைக்கும். காய்ந்த கொரங்காட்டின் நடுவில் இதைப் பார்த்தால் பக்கத்தில் கிணற்றுப் பாசனமோ வாய்க்கால் கசிவோ இருக்கிறது என்று பொருள்.

*முள்ளெலி.* இது எலி இனமே அல்ல. வண்டும் கரையானும் புழுவும் தின்னும் பிராணி. தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம். ஹார்ஸ்ஃபீல்ட் என்ற இயற்கையியலாளர் 1851-ல் சென்னையிலிருந்து கிடைத்த மாதிரியை வைத்து இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். பகலில் புதரடியிலோ பொந்திலோ சுருண்டு தூங்கும். இரவில் திறந்த தரையில் வண்டு பொறுக்கும். அதனால் இதற்குப் புதரும் வேண்டும், மொட்டைத் தரையும் வேண்டும், இரண்டும் ஒட்டியிருக்கவும் வேண்டும். கக்குவான் இருமலுக்கு இதன் முள்தோலைச் சுட்டுக் கொடுக்கும் பழக்கம் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. அதனால் இருமல் குணமாவதில்லை, ஒரு முள்ளெலி செத்ததுதான் மிச்சம். கக்குவானுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி இலவசமாகவே போடுகிறார்கள். ஊரில் யாராவது முள்ளெலி கேட்டு வந்தால் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

*முயல்.* பிடரியில் கருந்திட்டு உள்ள நம் காட்டு முயல் வளை தோண்டாது. உயரப் புல்லில் உடல் அளவுக்கு ஒரு குழிவு செய்து படுத்திருக்கும். குட்டி பிறக்கும்போதே முடியும் திறந்த கண்ணுமாகப் பிறக்கும். பகலுக்கு உயரப் புல், இரவுக்கு மேய்ந்த இடத்தில் தளிர்விடும் இளம்புல். முள்ளெலியைப் போல இதுவும் ஓரத்தில் வாழும் உயிர்.

மூஞ்சூறு, கீரி, பெருச்சாளி எல்லாம் வந்துபோகும். அவற்றையும் எழுதுங்கள். ஆனால் முதல் வருடம் மேலே சொன்ன எட்டுப் பேரை அடையாளம் காணப் பழகினாலே பெரிய விஷயம்.

5. வளையைப் படியுங்கள், ஆள் இருக்கிறதா என்று பாருங்கள்

நூறு வளை எண்ணினேன் என்பதில் பயனில்லை. அதில் எத்தனையில் இன்றைக்கு ஆள் இருக்கிறது என்பதுதான் கேள்வி. வளை வாயில் சிலந்தி வலை, காய்ந்த சருகு, மழை அடித்துக் கரைந்த விளிம்பு இருந்தால் பழைய வீடு. புது மண், வழவழவென்று தேய்ந்த விளிம்பு, பச்சைப் புல்லின் துணுக்கு இருந்தால் குடியிருக்கும் வீடு.

சந்தேகமானால் மாலை ஐந்து மணிக்கு மேல் ஒவ்வொரு வாயிலும் மெல்லிய புல் துரும்பு இரண்டைக் குறுக்காக வையுங்கள். காலையில் வெயில் ஏறுவதற்குள் போய்ப் பாருங்கள். துரும்பு தள்ளப்பட்டிருந்தால் யாரோ போய் வந்திருக்கிறார்கள். வயல்களில் வாயை மண்ணால் மூடிவிட்டு மறுநாள் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். கொரங்காட்டில் அதைச் செய்யாதீர்கள். வெள்ளெலி தானே வாசலை மண்ணால் அடைக்கும் பழக்கம் உடையது, நீங்கள் மூடியதா அது மூடியதா என்று குழப்பம் வரும்.

துரும்பை மூன்று நாள் தொடர்ந்து வையுங்கள். பௌர்ணமியைச் சுற்றிய நாட்களைத் தவிர்ப்பது நல்லது. நிலா வெளிச்சத்தில் திறந்த வெளிக்கு வர இவை தயங்கும், ஆந்தைக்குத் தெரிந்துவிடும் என்ற பயம்.

வளையின் அகலத்தையும் எழுதுங்கள். கட்டைவிரல் பருமனுக்கு இருந்தால் சுண்டெலி. இரண்டு மூன்று விரலைச் சேர்த்த அகலம் என்றால் வெள்ளெலியாக இருக்கலாம். விரலை வாய்க்கு வெளியே நிறுத்தி ஒப்பிடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே விடாதீர்கள். சாரையும் நாகமும் கண்ணாடி விரியனும் எலி வளையைத்தான் வாடகை இல்லாமல் எடுத்துக்கொள்ளும்.

6. தடமும் புழுக்கையும்

ஒவ்வொரு துண்டிலும் ஒரு மீட்டர் சதுரத்துக்குச் சலித்த மண்ணைப் பரப்பிக் கையால் தடவிச் சமப்படுத்துங்கள். காலையில் வந்து படியுங்கள். கடலையோ கருவாடோ வைக்க ஆசை வரும், வைக்காதீர்கள். தீனி வைத்தால் பக்கத்துத் துண்டில் குடியிருப்பதெல்லாம் இங்கே வந்து நிற்கும். அது எங்கே விரும்பி நடமாடுகிறது என்பதுதான் நம் கேள்வி.

எலிக்கு முன்காலில் நாலு விரல் பதியும், பின்காலில் ஐந்து. மூஞ்சூறுக்கும் முள்ளெலிக்கும் நாலு காலிலும் ஐந்து. வெள்ளெலி தாவும்போது இரண்டு நீளப் பின்தடம் ஜோடியாக விழும். முயலின் தடத்தில் பெரிய பின்கால் இரண்டும் முன்னாலும், சிறிய முன்கால் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னாலும் இருக்கும். அது எந்தத் திசையில் ஓடியது என்று பல பேர் தலைகீழாகப் படிப்பது இதனால்தான்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் தடம் ஒரு மணி நேரம் நிற்காது. விடிந்ததும் போய்விடுங்கள், இல்லையென்றால் அந்த மாதங்களில் புழுக்கையை நம்புங்கள்.

முயல் புழுக்கைக்கும் வெள்ளாட்டுப் புழுக்கைக்கும் வித்தியாசம் தெரியாமல் முதல் மாதம் எல்லாரும் திணறுவார்கள். ஆட்டினுடையது கருத்து, மினுங்கி, சற்று நீண்டிருக்கும். முயலினுடையது வைக்கோல் நிறத்தில், சற்றுத் தட்டையான உருண்டை. காய்ந்ததை எடுத்து இரண்டு குச்சியால் உடைத்துப் பாருங்கள், மரத்தூளைப் பிசைந்து உருட்டியது போல நார் நாராக உதிரும். முள்ளெலியின் எச்சத்தில் வண்டின் இறக்கை ஓடுகள் கருநீலமாக மின்னும். புல் நுனி கத்தியால் சீவியது போலச் சாய்வாக வெட்டுப்பட்டிருந்தால் அது கொறிக்கும் பல்லின் வேலை. மாடு கடித்த புல் கிழிந்திருக்கும்.

7. கூகையிடம் கணக்குக் கேளுங்கள்

பாழடைந்த வீடு, பழைய கிணறு, கைவிட்ட கொட்டகை எங்காவது கூகை தங்கியிருந்தால் அதன் அடியில் கருத்த உருண்டைகள் கிடக்கும். விழுங்கிய எலியின் எலும்பையும் முடியையும் கூகை உருண்டையாக வெளியே துப்பிவிடும். அதைக் கையுறையோடு எடுத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்தால் மண்டையோடு முழுசாகக் கிடைக்கும்.

முன்பக்கம் உளி போல இரண்டு பல், பிறகு வெற்றிடம், அப்புறம் கடைவாய்ப்பல் என்றால் எலிக் குடும்பம். இடைவெளி இல்லாமல் கூர்மையான பல் வரிசை என்றால் மூஞ்சூறு. மேல் உளிப்பல்லின் முன்பக்கம் நீளவாக்கில் ஒரு பள்ளக் கோடு ஓடினால் அது வெள்ளெலியோ புதரெலியோ. காதெலும்பு பெரிதாகக் குமிழ்த்திருந்தால் வெள்ளெலி என்று உறுதி செய்யலாம்.

இதில் ஒரு எச்சரிக்கை. காட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைக் கூகை சொல்லும், எந்தத் துண்டில் என்று சொல்லாது. பக்கத்துச் சோளக்காட்டில் பிடித்ததையும் இங்கே வந்துதான் துப்பும். தங்கும் கூகையைக் கலைக்காமல், அது இல்லாத நேரம் பார்த்துப் பொறுக்குங்கள்.

8. விருப்பம் என்பதைக் கணக்காக மாற்றுங்கள்

இங்கேதான் பெரும்பாலான மாணவர் திட்டங்கள் தடுக்கி விழுகின்றன. ஒரு இடத்தில் நிறைய வளை இருந்தால் அந்த இடம் அதற்குப் பிடித்தம் என்று எழுதிவிடுகிறார்கள். அந்த இடமே காட்டில் பெரிய பங்கு என்றால்?

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். கட்டைப்புல் 60 பங்கு, உயரப்புல் 20, வேலியடி 10, மரத்தடி 10. ஆள் இருக்கும் வளை மொத்தம் 50. கட்டைப்புல்லில் 25, வேலியடியில் 15, உயரப்புல்லில் 6, மரத்தடியில் 4. எண்ணிக்கையில் கட்டைப்புல்தான் முதலிடம். ஆனால் நூற்றுக்கு அறுபது பங்கு நிலத்தில் வளைகளில் பாதிதான் இருக்கிறது. வேலியடியோ பத்துப் பங்கு நிலம், முப்பது பங்கு வளை. நிலத்தின் பங்கைவிட மூன்று மடங்கு. விருப்பம் அங்கேதான். ஒவ்வொரு உயிருக்கும் தனித்தனியாக இந்தக் கணக்கைப் போடுங்கள், எல்லா வளையையும் ஒன்றாகக் கூட்டாதீர்கள்.

துண்டுக்குள் எங்கே எண்ணுவது? வரைபடத்தில் ஐந்து மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, எண் எழுதி, சீட்டுக் குலுக்கி எடுங்கள். நடக்க வசதியான இடத்தில் எண்ணினால் உங்கள் கால் எங்கே விரும்பி நடக்கிறது என்பதுதான் முடிவாக வரும். துண்டுக்கு ஐந்து கட்டமாவது வேண்டும். வேலியடியில் ஐந்து மீட்டர் அகலம் கிடைக்காது. அங்கே நீளக் கட்டம் போட்டு, பரப்பு சமமாக வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி: கட்டைப்புல்லில் வளை பளிச்சென்று தெரியும், புதருக்குள் தெரியாது. என் முதல் கோடையில் வெள்ளெலிக்கு வேலியே ஆகாது என்று நோட்டில் எழுதியிருந்தேன். மார்கழியில் ஒரு நாள் விழுந்த பேனாவைத் தேடி வேலியடியில் மண்டியிட்டபோதுதான், கிளுவை வேருக்குப் பின்னால் காடு பார்த்து மூன்று வாசல் திறந்திருப்பது தெரிந்தது. அதற்குப் பிறகு எல்லாத் துண்டிலும் ஒரே அளவு நேரம், ஒரே மாதிரி குனிந்து தேடுவது என்று வைத்துக்கொண்டேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். கட்டத்துக்கு இருபது நிமிடம், கைக்கடிகாரத்தைப் பார்த்து.

9. நாலு பருவமும் போங்கள்

இந்த வட்டாரம் மழை மறைவுப் பகுதி. ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் மழை, அதில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும். மழைக்குப் பின் கொழுக்கட்டைப் புல் எழுந்து விதை பிடிக்கும், நரிப்பயறு படரும். அந்த நேரம் எல்லா இடத்திலும் மறைப்பு உண்டு, எல்லா இடத்திலும் தீனி உண்டு. உயிர்கள் பரவி இருக்கும். விருப்பம் தெளிவாகத் தெரிவது பங்குனி, சித்திரையில். புல் கட்டையாகி, வெள்வேலங்காய் உதிரும் காலத்தில் மறைப்பு எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே ஒதுங்கும். ஒரு பருவத்தை மட்டும் பார்த்து எழுதினால் பாதிக் கதைதான். தை, சித்திரை, ஆடி, ஐப்பசி என்று நாலு முறை, ஒவ்வொரு முறையும் அதே கட்டங்களில் பாருங்கள்.

10. உங்கள் உடம்பும் சட்டமும்

கூண்டு வைத்துப் பிடித்து, எடை போட்டு, குறி போட்டு விடும் முறை ஆராய்ச்சியாளர்களுடையது. அதற்கு வனத்துறை அனுமதியும் பயிற்சியும் வேண்டும். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். இந்த வழிகாட்டியில் எதையும் பிடிக்க வேண்டிய படி இல்லை.

முழுக்கால் சட்டை, கணுக்கால் மறைக்கும் காலணி, இருட்டில் டார்ச், கையில் தட்டிக்கொண்டே போக ஒரு தடி. பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எலிச் சிறுநீர் கலந்த ஈரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், கையில் புண் இருந்தால் மண்ணைத் தொடாதீர்கள். புதரில் உட்கார்ந்து வந்த ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்து, உடம்பில் எங்காவது கருகிய புண் தெரிந்தால் ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். காட்டில் சுற்றியதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

11. கண்டதை நிலத்துக்காரரிடம் கொண்டு போங்கள்

ஒரு வருடம் முடிந்ததும் வரைபடத்தைப் பெரிதாக வரைந்து அவர் வீட்டுத் திண்ணையில் விரித்துக் காட்டுங்கள். எலி என்றால் விளைச்சலுக்கு எதிரி என்ற எண்ணம் இருக்கும், அது நியாயமும்கூட. வரைபடத்தில் விரல் வைத்து, பயிரைத் தின்னும் வரப்பெலி பாசன விளிம்பில்தான் இருக்கிறது, கொரங்காட்டுக்குள் இருப்பவர் வேறு ஆள் என்று காட்டினால் புரிந்துகொள்வார்கள். வானத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும் பருந்தும், கிணற்றுக் கூகையும், குள்ளநரியும் இந்த ஆட்களை நம்பித்தான் அந்தக் காட்டில் இருக்கின்றன என்றும் சொல்லுங்கள்.

கேட்பதற்கு மூன்று விஷயம் உண்டு, மூன்றும் செலவில்லாதவை. கிளுவை வேலியில் இடைவெளி விழுந்தால் கம்பிக்குப் போகாமல் மழைக்காலத்தில் கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) நடுவது. முழுக் காட்டையும் ஒரே வருடத்தில் உழாமல் பாதியை இந்த வருடம், மீதியை அடுத்த முறை உழுவது. சீமைக்கருவேலத்தைக் கன்றாக இருக்கும்போதே பிடுங்குவது, ஏனென்றால் அது அடைத்துக்கொண்டால் அடியில் கொழுக்கட்டைப் புல் நிற்காது, திறந்த தரை தேடும் வெள்ளெலிக்கு அங்கே வேலையில்லை. கல்குவியலையும் கேட்டுப் பார்க்கலாம். உழவுக்குப் பொறுக்கிய கல்லை லாரிக்காரருக்குக் கொடுக்காமல் வேலியோரம் குவித்துவிட்டால், அடுத்த கோடையில் அந்தக் குவியலின் அடியில் நீங்கள் துரும்பு வைக்க ஒரு வாசல் திறந்திருக்கும்.